கூட வைத்துக்கொள்ளும் கைத்துப்பாக்கிக்கு எந்த போர் (குழலின் துளை அளவு)? சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"ஏனுங்ண்ணா, 9 எம்எம் வாங்கலாமா, பாயிண்ட் ஃபார்ட்டி ஃபைவ் வாங்கலாமா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி இதையே கேட்டபோது அவர் கையில் லைசென்ஸ் இல்லை, விண்ணப்பம்கூடப் போடவில்லை, ஆனால் அமெரிக்காக்காரர்களின் வீடியோ நாற்பது பார்த்து முடித்திருந்தார். அந்த வீடியோக்கள் பொய் இல்லை. அவர்கள் கடையில் கிடைப்பது நம் கடையில் கிடைக்காது, அவ்வளவுதான்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டு பல வருடமாக ஒரு .32 போர் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். சொந்தக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று சிலருக்கு விண்ணப்பத்திலிருந்து கடைவரை கூடவே போயிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: கடைசியில் கேட்க வேண்டிய போரை முதலில் கேட்கிறார்கள். கீழே இருக்கும் வரிசையில் போனால் போர் தானாகவே முடிவாகிவிடும்.

1. எதற்காக என்று ஒரு தாளில் எழுதுங்கள்

யாரிடமிருந்து, எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஆபத்து என்று நாலு வரி எழுதுங்கள். லீ பஜாரில் வசூல் முடித்து ராத்திரி பணத்தோடு வீட்டுக்குப் போகிறேன் என்பது ஒரு காரணம். வெள்ளிக்கட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கும் வீட்டுக்கும் அலைகிறேன் என்பதும் காரணம்தான். 'ஊருக்குள்ள ஒரு கெத்து' என்பதை விண்ணப்பத்தில் எழுத முடியாது, அதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்தத் தாள் எதற்கு என்றால், 1959 ஆயுதச் சட்டம் தற்காப்புக் கைத்துப்பாக்கிக்குத் தக்க காரணம் கேட்கிறது. விசாரணைக்கு வருகிறவர் முன்னால் காரணத்தை யோசித்துக்கொண்டு நின்றால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். மிரட்டல் வந்திருந்தால் புகார் ரசீது, எஃப்ஐஆர் நகல், வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி கணக்கு, வருமான வரி ரசீது எல்லாம் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காட்டெருமை தோட்டத்துக்குள் வருகிறது, அதனால் ரிவால்வர் வேண்டும் என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஒரு டன்னை ஒட்டி எடையுள்ள மிருகத்தின் மேல் .32 குண்டு போட்டால் அதற்குக் கோபம் மட்டும்தான் வரும், அப்புறம் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்பதால் வனத்துறை வழக்கும் சேர்ந்து வரும். காட்டெருமைக்கு மருந்து தள்ளி நிற்பது, வழி விடுவது, ராத்திரி டார்ச் இல்லாமல் காப்பித் தோட்டத்துக்குள் இறங்காமல் இருப்பது. அதைக் கைத்துப்பாக்கிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. சட்டம் எந்த போரை விடுகிறது என்று பாருங்கள்

ஆயுத விதிகள் துப்பாக்கிகளை இரண்டாகப் பிரிக்கின்றன: தடை செய்யப்பட்ட போர், தடை இல்லாத போர். கடைக்காரர்கள் பிபி, என்பிபி என்பார்கள். ராணுவமும் போலீசும் சுடுகிற தோட்டா எந்தக் கைத்துப்பாக்கியில் நுழைகிறதோ அது தடைப் பக்கம் போய்விடும். நீங்கள் ஆசைப்படும் 9 மி.மீ. பாரபெல்லம் அதில்தான் இருக்கிறது, பழைய .380, .455 ரிவால்வர்களும் அதில்தான். அரசுத் தோட்டாவும் தனியார் தோட்டாவும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்பதுதான் இதில் உள்ள கணக்கு.

தடைப் போருக்கு லைசென்ஸ் கொடுப்பது மாவட்ட அளவில் நடக்காது, மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகும், சாதாரண வியாபாரிக்கு அது நடக்கிற காரியம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து மாட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், 14 வருடம் வரையும் போகலாம். எவனாவது 'பீகார் சாமான், 9 எம்எம், சீப்பா முடிச்சித்தரேன்' என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

தடை இல்லாத பக்கத்தில் நடைமுறையில் மிஞ்சுவது .32 ரிவால்வர் (தோட்டா சுழலும் உருளையில் இருக்கும்), .32 பிஸ்டல் (தோட்டா கைப்பிடிக்குள் இருக்கும்), .22, அப்புறம் பழைய இறக்குமதிச் சரக்காக .25, .357 மாதிரி சில. தனியார் பயன்பாட்டுக்குக் கைத்துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலிருந்தே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் வெளிநாட்டுப் பெயர் போட்ட துப்பாக்கி என்று கண்ணில் படுவதெல்லாம் பல கை மாறியதுதான், விலையைக் கேட்டால் ஒரு கார் வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

3. விண்ணப்பத்தைச் சரியான மேசையில் வையுங்கள்

சேலம் மாநகர எல்லைக்குள் வீடு இருந்தால் போலீஸ் கமிஷனர், ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் பக்கம் என்றால் கலெக்டர். கமிஷனர் இருக்கும் ஊரில் அவரே மாவட்ட மாஜிஸ்திரேட்டாகக் கருதப்படுவார் என்று ஆயுதச் சட்டமே சொல்கிறது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, ஏற்காட்டில் தோட்டம் என்று இருக்கிற ஆட்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். எந்த முகவரியில் நிஜமாகக் குடியிருக்கிறீர்களோ, ஆதாரும் ரேஷன் கார்டும் எதைச் சொல்கிறதோ, அதையே போடுங்கள். என் மைத்துனர் தோட்ட முகவரியைப் போட்டு, விசாரணைக்கு ஆள் போன அன்று அங்கே காவல்காரர் மட்டும் இருக்க, அவர் 'ஐயா மாசத்துக்கு ஒருக்கா வருவாருங்க' என்று உண்மையைச் சொல்லிவிட்டார். எட்டு மாதம் போச்சு.

2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பப் படிவம் ஏ-1. அதோடு துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, உடல் மனநல மருத்துவச் சான்று. வயது 21 முடிந்திருக்க வேண்டும். போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அது வந்த பிறகு முடிவு சொல்ல 60 நாள் என்று விதியில் இருக்கிறது. அதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம்: எந்த வகை ஆயுதம் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். 'எதுவானாலும் சரி' என்று இரட்டைக்குழலைப் போட்டுவிட்டு, பின்னால் ரிவால்வர் வேண்டும் என்றால் திரும்ப நடக்க வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையை முடிக்கும்வரை படிவத்தில் பேனா வைக்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதும் 2019லிருந்து சட்டம். தாத்தா காலத்துத் தோட்டா துப்பாக்கி உங்கள் பெயரில் இருந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

4. துப்பாக்கிக்கு முன்னால் தோட்டாவைத் தேடுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. லைசென்ஸ் வந்த சந்தோஷத்தில் துப்பாக்கியைப் பார்க்கப் போகிறார்கள், தோட்டா இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. தெரிந்தவர் ஒருவர் ஒரு டீலர் பேச்சைக் கேட்டு .25 பிஸ்டல் வாங்கினார், சின்னது, அழகானது, வேட்டி மடிப்பில் வைத்தால் தெரியாது. கூட வந்த பன்னிரண்டு தோட்டாவுக்குப் பிறகு இன்றுவரை அவருக்குப் புதுத் தோட்டா கிடைக்கவில்லை. அந்தப் பன்னிரண்டும் எத்தனை வருடப் பழசு என்று சாமிக்குத்தான் தெரியும்.

இரண்டு மூன்று ஆயுதக் கடைகளுக்குப் போன் போட்டு இதே வார்த்தைகளில் கேளுங்கள்: இந்த போரில் இப்போது எத்தனை தோட்டா இருப்பு இருக்கிறது, எந்த வருடம் தயாரானது, ஒன்று என்ன விலை. அரசு ஆலைத் தயாரிப்பு .32 தான் நம் பக்கம் தொடர்ந்து கிடைப்பது. .22 துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுக்காரர்களால் ஓடிக்கொண்டிருக்கிறது. .357 தோட்டா கிடைத்தாலும் அதன் விலையில் யாரும் பயிற்சி எடுக்க மாட்டார்கள், அதுதான் அந்த போரை நான் வேண்டாம் என்பதற்கு முழுக் காரணம்.

வருடத்துக்கு எத்தனை வாங்கலாம், ஒரே சமயத்தில் எத்தனை கையில் இருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கையில் பாதியைப் பயிற்சிக்கு என்று ஒதுக்குங்கள். வருடம் முழுக்க ஒரு தோட்டாகூடச் சுடாதவர் கையில் எந்த போர் இருந்தாலும் ஒன்றுதான்.

5. மிஞ்சிய போர்களை ஒப்பிடுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இது விரலைக் கொண்டுபோகும் குழப்பம். '.32' என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டா இருக்கிறது. ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங், அடியில் விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும், தோட்டாவின் உலோகக் கூடு 23 மி.மீ.க்கு மேல் நீளம். பிஸ்டலுக்கு உரியது .32 ஏசிபி, 7.65 மி.மீ. என்றும் பெட்டியில் போட்டிருக்கும், கூடு 17 மி.மீ. தான். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் சிலிண்டரில், அதாவது அந்தச் சுழலும் உருளையில், நுழைந்து உட்காரும். உட்காருகிறது என்பதற்காகச் சுட்டுவிடாதீர்கள், அது வேறு அழுத்தத்துக்குச் செய்த தோட்டா. கடையில் 'பாயிண்ட் தர்ட்டி டூ ஒரு பாக்ஸ்' என்று கேட்காமல், பெட்டியில் இருக்கும் முழுப் பெயரையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது பலம். வெள்ளிக்காரர்களுக்கு கிராம் கணக்கு சுலபம் என்பதால் அப்படியே சொல்கிறேன். ரிவால்வர் .32 குண்டு சுமார் 6.3 கிராம், மெதுவாகப் போகும், குழலை விட்டு வரும்போது ஏறக்குறைய 150 ஜூல் சக்தி. பிஸ்டல் .32 குண்டு சுமார் 4.6 கிராம், கொஞ்சம் வேகம், 170 ஜூல் பக்கம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இதை வைத்துச் சண்டை போடாதீர்கள். 9 மி.மீ. இதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கதவு இரண்டாவது படியிலேயே மூடிவிட்டது.

.22 குண்டு வெறும் 2.6 கிராம். குட்டைக் குழலில் சக்தி இன்னும் குறையும். அதைவிடப் பெரிய குறை என்னவென்றால், .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லாமல் அடி விளிம்பைச் சுற்றி இருக்கிறது, அது எல்லா இடத்திலும் சமமாகப் பரவாவிட்டால் அடித்தும் வெடிக்காது. ரிவால்வராக இருந்தால் ட்ரிகரை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும். அப்படியிருந்தும் .22ஐ நான் ஒதுக்கிவிடமாட்டேன். கைமூட்டு வலி உள்ளவர், விரலில் பலம் இல்லாதவர், .32இன் உதைக்குக் கண்ணை மூடிக்கொள்கிறவர் என்றால் படாத .32ஐவிடப் படுகிற .22 மேல். இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலையின் நிடர் ரிவால்வர் இந்த போரில்தான் வருகிறது, எடை கால் கிலோதான்.

என் தீர்ப்பு கேட்டால்: பத்தில் எட்டுப் பேருக்கு .32 ரிவால்வர். தோட்டா கிடைக்கும், பழுது பார்க்க ஆள் உண்டு, இருட்டில் பதற்றத்தில் யோசிக்க எதுவும் இல்லை. இழு, சுடும். பிஸ்டல் ஒல்லியாக இருக்கும், சட்டைக்குள் நன்றாக மறையும், ஆனால் மேல் பகுதியைப் பின்னால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது, நடுவில் மாட்டிக்கொண்டால் எடுத்துவிடுவது எல்லாம் கை பழக வேண்டும். மாதம் ஒருமுறையாவது சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போவேன் என்பவர்களுக்கு மட்டும் அது.

கான்பூர் அரசு ஆலைகளின் ரிவால்வர்களில் 2014இல் வந்த நிர்பீக் அரைக் கிலோ, டைட்டானியக் கலவை. பழைய மார்க் 3 அதைவிடக் கனம். 2023இல் வந்த பிரபல் சுமார் 700 கிராம். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், மற்றதில் துப்பாக்கியையே நடுவில் மடித்துத் தோட்டா போட வேண்டும். எடை குறைந்தால் தூக்கச் சுகம், சுடும்போது உதை அதிகம், இது எல்லா போருக்கும் பொருந்தும். விலையோடு வரியையும் சேருங்கள், 2025 செப்டம்பரிலிருந்து ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம்.

6. கடையில் கையில் பிடித்துப் பாருங்கள்

கடைக்காரர் முன்னால், தோட்டா இல்லை என்று அவரும் பார்த்து, நீங்களும் சிலிண்டரைத் திறந்து பார்த்த பிறகு, ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் உட்கார்கிறதா? ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) விரலால் இழுக்காமல், ட்ரிகரை மட்டும் முழுதாக ஆறு தடவை இழுங்கள். நம் ஊர் ரிவால்வர்களில் இந்த இழுப்பு கனமாகவே இருக்கும், நாலாவது தடவை கை நடுங்கினால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு இல்லை. குழல் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அது விழாமல் இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். (.22இல் இப்படி வெறுமனே இழுப்பது ஊசியையும் சேம்பர் விளிம்பையும் கெடுக்கும், போலித் தோட்டா போட்டுத்தான் செய்ய வேண்டும்.)

முடிந்தால் அதற்கு முன்பே ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து கொஞ்சம் சுட்டுவிடுங்கள். பயிற்சிச் சான்றுக்கும் ஆச்சு, உங்கள் கை எதைத் தாங்கும் என்று தெரிந்ததும் ஆச்சு.

7. வேட்டி, பேன்ட், கொண்டை ஊசி வளைவு

போரையும் உடையையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. நம் வியாபாரிகள் வேட்டிக்காரர்கள். பச்சை பெல்ட்டின் பையில் பணம் நிற்கும், 700 கிராம் இரும்பு நிற்காது, இழுத்துக்கொண்டு கீழே தொங்கும், ஒருநாள் டீக்கடையில் உட்காரும்போது தரையில் விழும். வேட்டிதான் கட்டுவேன் என்றால் உள்ளே இடுப்பை அல்லது தோளைச் சுற்றித் தனிப் பட்டை வேண்டும், எடையும் அரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பேன்ட் என்றால் கெட்டியான தோல் பெல்ட், வலது இடுப்பில் உறை, ட்ரிகரை முழுதாக மூடுகிற உறை.

2016 விதிகள் சொல்வதும் அதுதான்: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு பிணைத்த உறையில், வெளியே தெரியாமல், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எடுத்துக் காட்டுவதே குற்றம். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கார் டேஷ்போர்டில் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்குவது இன்னொரு கெட்ட பழக்கம். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசியிலும் சீட் பெல்ட்டும் உறையும் இடுப்பைக் குத்தும் என்பது உண்மை. வாங்குவதற்கு முன் அதே எடையில் ஒரு பொட்டலத்தை உறையில் வைத்து ஒருமுறை மேலே போய் வந்து பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே சின்னத் துப்பாக்கிக்கு மாறிவிடுவார்கள்.

8. குண்டு எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள்

செம்பு உறை போட்ட குண்டு ஆளைத் துளைத்துப் பின்னால் போகலாம், தவறிய குண்டு நிச்சயம் போகும். லீ பஜார் சந்து எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தில் 34 முதல் 44 வரை தற்காப்பு உரிமை. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஆகும் என்று நியாயமாகப் பயப்படும் நிலையில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் இந்த உரிமை போகும் என்பது 38ஆம் பிரிவு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீசை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை என்பது 37. பணப்பையைப் பிடுங்கிக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுடுவதற்கு இதில் இடம் தேடாதீர்கள், வக்கீல் செலவில் நாலு பணப்பை போகும். போர் பெரிதாக ஆக இந்தக் கணக்கும் பெரிதாகும் என்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

9. வாங்கிய பிறகு: ஈரம், பூட்டு, தேர்தல்

ஏற்காட்டு மழையிலும் மார்கழிப் பனியிலும் தோல் உறை பூஞ்சணம் பிடிக்கும், அதற்குள் வைத்த இரும்பு துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கீழே சேலத்தில் வெயில் என்றால் வியர்வை, உப்பு துருவுக்கு இன்னும் பிடித்த சாப்பாடு. ஆனால் தோட்டாவில் எண்ணெய் படக்கூடாது, அது பின்பக்கத் தீமருந்துக்குள் இறங்கினால் வெடிக்காமல் போகும். தினமும் இடுப்பில் சுமக்கும் ஆறு தோட்டாவை வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். சாவி உங்களிடம் மட்டும், பேரப்பிள்ளைகளுக்குப் பெட்டி இருக்கும் இடமே தெரியக்கூடாது.

லைசென்ஸ் இப்போது 5 வருடத்துக்கு, முடிவதற்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி அழைப்பு வரும். அன்றைக்கு ரசீதில் துப்பாக்கி எண்ணோடு போர், தோட்டா எண்ணிக்கை இரண்டும் எழுதியிருக்கிறதா என்று நின்று படித்துவிட்டு வாருங்கள். ஒருமுறை என் ரசீதில் '32 தோட்டா' என்று எழுதிவிட்டார்கள். நான் கொடுத்தது பத்து .32 தோட்டா. திரும்ப வாங்கும்போது அந்த ஒரு புள்ளிக்காக மூன்று நாள் அலைந்தேன்.